ஒரு பாட்டில் மஞ்சள் நெயில் பாலிஷ்

நேற்று முழுக்க என் தங்கை மகளின் இதயம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை மேல், ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் இருந்தது. நிஜ இதயம் ஹோசூரில் மூன்று வயதுக் குழந்தைக்குள் அடித்துக்கொண்டிருந்தது. இது ஸ்கேன் படங்களை வைத்து 3டி பிரிண்டரில் பிசினால் அச்சடித்த மாடல். ஆபரேஷனுக்கு வியாழக்கிழமை என்று நாள் குறித்திருந்தார்கள். எங்கே வெட்டுவது, எங்கே தைப்பது என்று டாக்டர் இதைக் கையில் வைத்துக்கொண்டுதான் முடிவு செய்வார். "நீங்க இந்த லைன்ல இருந்தவராமே? எடுத்துட்டுப் போய் வீட்ல எல்லாருக்கும் காமிச்சு தைரியம் சொல்லுங்க. புதன்கிழமை திருப்பிக் குடுத்துடுங்க" என்று திங்கட்கிழமை என்னிடம் கொடுத்தார்.

அழகான வேலை. மழுமழுவென்று ஒரே சிவப்பு. வீட்டில் எல்லோரும் தொட்டுப் பார்த்துத் தைரியமானார்கள். எனக்கு மட்டும் திருப்பித் திருப்பிப் பார்க்கப் பார்க்க எரிச்சல்தான் வந்தது. எங்கேயும் ஒரு பொட்டு மஞ்சள் இல்லை.

இந்த எரிச்சலை எனக்குள் வைத்துவிட்டுப் போனது ஒரு பெண்மணி. ஆறு வருடமாக நான் நினைத்துப் பார்க்க விரும்பாத ஆள்.

பெங்களூர் அடுகோடியில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. மொத்தம் ஏழு பேர். இதயக் கோளாறோடு பிறந்த குழந்தைகளின் ஸ்கேனை மருத்துவமனைகள் அனுப்பும், நாங்கள் அதை இதயமாக்கித் திருப்பி அனுப்புவோம். ஸ்கேன் என்பது இதயத்தை மேலிருந்து கீழாக மெல்லிய வில்லைகளாகச் சீவியது போன்ற சில நூறு கறுப்பு வெள்ளைப் படங்கள். ஒவ்வொரு படத்திலும் எது ரத்தம், எது சதை என்று கம்ப்யூட்டரில் கோடு போட்டுப் பிரிக்க வேண்டும். அதைச் செய்தது அந்த அக்கா. அச்சடித்து, கழுவி, பெட்டியில் போட்டு டெலிவரி கொடுப்பதும், டெலிவரி கொடுத்த இடத்தில் திட்டு வாங்குவதும் நான்.

அக்காவுக்கு அப்போது நாற்பது இருக்கும். சிவாஜிநகர் பக்கம் பழைய கத்தோலிக்கக் குடும்பம். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடமும் உருதுவும், கோயில் பாதிரியாரிடம் இங்கிலீஷ். ஒரு ஸ்கேன் சென்டரில் பதினான்கு வருடம் மெஷின் ஓட்டிவிட்டு எங்களிடம் வந்தவர். ஏப்ரல் மாதத்திலும் பழுப்பு ஸ்வெட்டர் போட்டிருப்பார். மௌஸின் நடுச் சக்கரத்தை உருட்டிப் படங்களை மேலும் கீழும் ஓட்டிக்கொண்டே இருப்பார். நாலு மாதத்துக்கு ஒரு மௌஸ் அவர் கையில் உயிரை விடும். டிராயரில் எப்போதும் ஒரு பாட்டில் மஞ்சள் நெயில் பாலிஷ் இருக்கும். விரலில் பூசி நான் பார்த்ததில்லை. அது இதயத்துக்குப் பூச.

ஸ்கேன் எடுக்கும்போது குழந்தைக்கு ஊசியில் ஒரு மருந்து ஏற்றுவார்கள். ரத்தம் ஓடும் இடமெல்லாம் படத்தில் வெள்ளையாகத் தெரியும். ஆனால் குழந்தை இதயம் யார் சொல்லைக் கேட்கும்? அது பாட்டுக்குத் துடிக்கும். ஒரு மூலைக்கு மருந்து போய்ச் சேராது. ஓரிடம் கலங்கிப் போகும். இரண்டு அறைகளுக்கு நடுவில் இருக்கும் சுவர் சில சமயம் மெல்லிசாக இருந்து படத்தில் விழாமலே போய்விடும். அந்த இடத்தில் சுவர் இருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது. சாப்ட்வேரில் இதற்கென்றே இரண்டு பட்டன் உண்டு. ஒன்று ஓட்டையை அடைக்கும், இன்னொன்று மேடுபள்ளத்தை மழுப்பும். ஊர் உலகமெல்லாம் அமுக்குகிற பட்டன். அக்கா அதை அமுக்கிவிட்டுச் சும்மா இருக்க மாட்டார்.

"ஸ்கேன் சொல்லல. நான் எப்படிப்பா சொல்றது?" என்பார்.

அந்த இடத்தில் எதையாவது வைத்தால்தான் மாடல் நிற்கும் என்பதால் வேறு வழியில்லாமல் வைப்பார். அச்சாகி வந்ததும் பாட்டிலைத் திறந்து அங்கே மஞ்சள் பூசுவார். கூடவே கைப்பட எழுதிய ஒரு துண்டுச் சீட்டு: 'மஞ்சள் உள்ள இடம் எங்களுக்குத் தெரியவில்லை. தயவுசெய்து வேறு வழியில் பார்த்துக்கொள்ளவும்.' காசு கொடுத்து வாங்குகிறவருக்கு எழுதுகிற சீட்டா இது? டாக்டர்கள் என்னைத்தான் கூப்பிடுவார்கள். "ஏம்ப்பா, இதயத்துக்குக் கூடவா மஞ்சக்காமாலை வரும்?" என்று ஒருவர் கேட்டார். சிரித்து வைத்தேன். அன்றைக்கு வண்டியில் திரும்பும்போது ஹோசூர் ரோடு முழுக்க அக்காவைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

ஆபீஸில் அவருக்கு 'கொத்தில்ல அக்கா' என்று பெயர் வைத்திருந்தோம். தெரியாது என்பதற்குக் கன்னடத்தில் அதுதான் வார்த்தை. அது அவர் காதுக்கும் போனது. கோபப்படவில்லை. "சரியான பேருதான்" என்று சொல்லிவிட்டு மௌஸை உருட்டினார்.

வேலையில் மட்டும் இப்படி என்றால் பொறுத்துக்கொள்ளலாம். பஸ் ஸ்டாண்டில் ஒருவர் வழி கேட்டால், பிறந்ததிலிருந்து அங்கேயே இருக்கிறவர், "போன வாரம் ஒன்வே மாத்திட்டாங்களாம், நான் இன்னும் பாக்கல, தெரியாது" என்று அனுப்பிவிடுவார். ஒரு கிறிஸ்துமஸுக்குக் குல்குல் பலகாரம் செய்து கொண்டுவந்தார். எங்கள் அக்கவுன்டன்ட் பெண் சைவம். "முட்டை போட்டிருக்காக்கா?" என்று கேட்டாள். போடவில்லை என்று சொல்லியிருந்தால் முடிந்தது. "நான் போடல. ஆனா பக்கத்து வீட்டுக் கிண்ணத்துல பிசைஞ்சேன். அதுல முன்னாடி என்ன இருந்துச்சுன்னு தெரியல" என்றார். வாய்க்கருகில் போன கை அப்படியே இறங்கியது. அந்தப் பெண்ணின் பங்கையும் சேர்த்து நானே தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

அவர் தெருவில் ஒரு பையனுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்கள் இவரிடம் விசாரித்திருக்கிறார்கள். "காலைல எட்டு மணிக்குப் பாக்கறேன், நல்லா டிரெஸ் பண்ணிட்டு வேலைக்குப் போறான், மரியாதையா பேசறான். சாயங்காலத்துக்கு மேல நான் பாத்ததில்ல" என்றிருக்கிறார். அந்தச் சம்பந்தம் முறிந்துபோனது. பையனின் அம்மா மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் இவருக்குப் பக்கத்தில் உட்காரவில்லையாம். "ஏங்க்கா, நல்ல பையன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சு போகுது?" என்று நானே சண்டை பிடித்தேன்.

"நல்ல பையனாத்தான் இருப்பான். பாக்காதத பாத்தேன்னு எப்படிச் சொல்றது?"

இந்த ஆளை என்ன செய்வது, சொல்லுங்கள்.

இதற்கு ஏதாவது பழைய கதை இருக்கும், ஸ்கேன் சென்டரில் எப்போதோ ஏதோ தப்பு நடந்திருக்கும் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். ஒருநாள் கேட்டே விட்டேன். யோசித்துவிட்டு, "ஏன் இப்படி இருக்கேன்னு தெரியலப்பா" என்றார். அதற்கு மேல் என்ன கேட்பது?

ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். என் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று ஸ்கேனுக்கு எழுதிக்கொடுத்தபோது ஆபீஸில் ஒவ்வொருவராக வந்து "ஒண்ணும் ஆகாது" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். அக்கா தட்டவில்லை. "என்ன வரும்னு தெரியல" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அரை நாள் லீவு போட்டு ஸ்கேன் சென்டருக்கு வந்து, ரிப்போர்ட் வரும்வரை நாலு மணி நேரம் பக்கத்து நாற்காலியில் ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அவர் ஒருவர்தான். ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, "சாதாரணக் கட்டிதான். இப்ப சொல்லலாம், ஒண்ணும் ஆகாது" என்றார். அந்த ஒரு 'ஒண்ணும் ஆகாது'தான் என் அம்மாவுக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

அப்படிப்பட்டவருக்கு நான் செய்ததைச் சொல்கிறேன்.

எங்களிடம் அதிகமாக மாடல் வாங்கிய மருத்துவமனையின் சர்ஜன், அடுத்த தடவை மஞ்சளோடு வந்தால் வேறு இடம் பார்த்துக்கொள்வேன் என்று என் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார். அடுத்த தடவை வந்தது நாலு மாதப் பையனின் இதயம். அக்கா கோடு போட்டார், நான் அச்சடித்தேன், அவர் இரண்டு இடத்தில் மஞ்சள் பூசினார். அன்றைக்கு மாதத்தின் முதல் வெள்ளி. கோயிலுக்குப் போக வேண்டும் என்று சீக்கிரம் கிளம்பிவிட்டார். நான் மாடலைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றேன். பிறகு தின்னரில் பஞ்சை நனைத்து இரண்டு பொட்டையும் துடைத்தேன். சீட்டைக் கிழித்தேன். துடைத்த பிறகு மாடல் பளிச்சென்று இருந்தது. சர்ஜனின் அறையில் கொடுத்தபோது, முதல் முறையாக எனக்குக் காபி வாங்கிக் கொடுத்தார்கள்.

மறுநாள் காலை அக்கா பென்சில் சீவலைப் போடக் குப்பைக் கூடையைத் திறந்தார். மஞ்சள் பஞ்சு மேலாகவே கிடந்தது. அதை எடுத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். டிராயரிலிருந்து பாட்டிலை எடுத்து ஸ்வெட்டர் பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கி ஆட்டோ பிடித்தார். பைக்கில் பின்னாலேயே போனேன்.

மருத்துவமனையில் டாக்டர்கள் கூடி உட்கார்ந்து அந்தக் குழந்தையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா கதவைத் திறந்து நேராக மேசைக்குப் போனார். "மன்னிச்சுக்குங்க டாக்டர். இது முழுசா ஆகாம வந்துடுச்சு" என்று சொல்லி, இதயத்தைக் கையில் எடுத்து, பாட்டிலைத் திறந்து இரண்டு இடத்திலும் மஞ்சள் பூசினார். ஏசி அறை முழுக்க நெயில் பாலிஷ் வாசனை. நான் கதவுக்கு வெளியிலேயே நின்றேன். சர்ஜன் போட்ட சத்தத்தில் வராந்தாவில் இருந்த நர்ஸெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா பூசி முடித்து, காய்வதற்கு ஊதினார். "இந்த ரெண்டு இடமும் எங்களுக்குத் தெரியல டாக்டர். தெரியும்னு நெனச்சு வெட்டிடாதீங்க" என்றார்.

ஆபரேஷனை ஒருநாள் தள்ளி, இன்னொரு எக்கோ ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு இடத்திலும் சுவர் ஒழுங்காக இருந்தது. நான் துடைத்துக் கொடுத்த மாடல் எப்படி இருந்ததோ அப்படியே. குழந்தை நன்றாகப் பிழைத்தது. எங்கள் கம்பெனிதான் பிழைக்கவில்லை. அந்த மருத்துவமனை அத்தோடு எங்களை நிறுத்திவிட்டது.

முதலாளி ஏழு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். "நோடி மேடம், பாருங்க, நீங்க பூசினேன்னு சொல்றீங்க. மாடல் மஞ்சள் இல்லாம போயிருக்கு. ஒண்ணு நீங்க மறந்திருக்கணும். இல்ல யாரோ துடைச்சிருக்கணும். யாரு துடைச்சது?"

அந்த அச்சு அறையில் இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். அக்கா என்னைக் கை காட்டுவார் என்று காத்திருந்தேன்.

"துடைக்கிறத நான் பாக்கல சார்" என்றார்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா?"

"கொத்தில்ல சார்" என்றேன்.

இரண்டு வருடம் அந்த வார்த்தையை வைத்து அவரைக் கேலி செய்தவன் நான். அதையே என் பதிலாகச் சொன்னது அந்த ஒரு தடவைதான். அவர் சொன்னதெல்லாம் நிஜம், நான் சொன்னது பொய். பூச மறந்ததை மறைக்கத்தான் மருத்துவமனைக்குப் போய் நாடகம் போட்டார் என்று முதலாளி முடிவு கட்டினார். மாதக் கடைசியில் அக்கா ஸ்வெட்டரையும் டிஃபன் பாக்ஸையும் எடுத்துக்கொண்டு போனார். பாட்டிலை மட்டும் டிராயரிலேயே விட்டுவிட்டார். போகும்போது என்னிடம், "வரேன்ப்பா" என்றார். அதில் குத்தல் ஏதும் இருக்கிறதா என்று ஆறு வருடம் தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டி மறந்திருப்பேன்.

சில மாதங்களில் நானும் அந்த வேலையை விட்டேன். இப்போது ஹோசூருக்குப் பக்கத்தில் அத்திபெலேயில் பம்பு செட்டுக்கு உதிரிபாகம் அச்சடிக்கிறேன். பம்பில் எல்லா இடமும் தெரியும்.

நேற்றுக் காலை அந்தச் சிவப்பு இதயத்தை எத்தனையாவது முறையோ திருப்பிப் பார்த்துவிட்டு, முடியாமல், அவருடைய பழைய நம்பருக்குப் போன் போட்டேன். எடுத்தார். மறுபடி ஸ்கேன் சென்டரிலேயே வேலை பார்க்கிறாராம். நேற்று அவருக்கு ஆஃப். தங்கை மகளின் விஷயத்தைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை.

"அக்கா, அன்னிக்குத் துடைச்சது நான்தான்."

பின்னால் எங்கோ குக்கர் விசிலடித்தது.

"அப்படியா? சரி, இப்ப தெரிஞ்சுது" என்றார். "புள்ளையோட ஸ்கேன அனுப்பு."

ஆறு வருடமாக என்னைச் சந்தேகப்பட்டுக் கூட வைத்திருக்கவில்லை அந்த மனுஷி. பார்க்கவில்லை, ஆகவே தெரியாது, அவ்வளவுதான். போனை வைத்துவிட்டு, வெட்கத்தில் கொஞ்ச நேரம் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். பிறகு தங்கை கொடுத்து வைத்திருந்த ஸ்கேன் சிடியில் இருந்ததை எல்லாம் அனுப்பினேன். மாடலையும் நாலு பக்கம் படமெடுத்து அனுப்பினேன்.

மூன்று மணிக்குக் கூப்பிட்டார். "நல்லா பண்ணிருக்காங்கப்பா. என்னைவிட சுத்தமான கை. ஒரு இடம் மட்டும் எனக்குத் தெரியல. மேல ரெண்டு ரூமுக்கும் நடுவுல சுவரு இருக்குல்ல, அதுல கீழ்ப்பக்கம். ஏழு படத்துல ஒண்ணுமே விழல. இவங்க அங்க சுவர வச்சிருக்காங்க."

"அப்போ அங்க ஓட்டைன்றீங்களா?"

"ஓட்டைன்னு சொல்லலியே."

"சுவரு இருக்குன்றீங்களா?"

"அதையும் சொல்லல. தெரியலன்னு சொன்னேன்."

எனக்குப் பழைய கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. "அக்கா, நாளன்னிக்கு ஆபரேஷன். அதுவும் சின்னக் குழந்தை. ஒரு தடவையாவது எனக்கு ஒரு பதில் சொல்லுங்க!"

"இதுதான்ப்பா பதிலு" என்றார். "வேற இருந்தா உனக்குச் சொல்ல மாட்டேனா?"

அத்திபெலே கடைவீதியில் ஒரு வளையல் கடைக்குப் போனேன். மஞ்சள் நெயில் பாலிஷ் கேட்டேன். கடைக்காரப் பெண் யாருக்கு என்று கேட்டாள். தங்கச்சி பொண்ணுக்கு என்றேன். "மூணு வயசுக்கு மஞ்சள் எதுக்கு சார், பிங்க் வாங்குங்க" என்றாள். மஞ்சளே வேண்டும் என்று வாங்கி வந்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, அக்கா சொன்ன இடத்தில் பூசினேன். பொட்டு கொஞ்சம் பெரிதாகிவிட்டது.

இன்று காலை டாக்டரின் மேசை மேல் அதை வைத்தேன். அவர் முகம் மாறியது. "இது யார் செஞ்சது?"

"நான்தான் டாக்டர். இந்த இடம் ஸ்கேன்ல விழல. படத்தை ஒரு தடவை பாருங்க."

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. 'தைரியம் சொல்லுங்க' என்று கொடுத்த மாடலை இப்படிக் கொண்டுவந்து வைத்தவனை என்ன செய்வது என்கிற மாதிரி பார்த்தார். பிறகு கம்ப்யூட்டரைத் திருப்பிப் படங்களை ஓட்டினார். ஓரிடத்தில் மௌஸ் சக்கரம் நின்றது. பின்னால் போனது, முன்னால் வந்தது, மறுபடி நின்றது. "காலைல முதல்ல ஒரு எக்கோ எடுத்துடலாம். அதுக்கப்புறம் முடிவு பண்ணலாம்" என்றார். மாடலைத் தன் பக்கமாக நகர்த்தி வைத்துக்கொண்டார்.

வெளியே தங்கை குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளாகச் சரியாகத் தூங்காத முகம். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"என்னண்ணா சொன்னாரு? எல்லாம் சரியா இருக்குல்ல? நாளைக்கு நல்லபடியா முடிஞ்சிடும்ல?"

முடிஞ்சிடும்மா, ஒண்ணும் ஆகாது என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவளுக்கு வேண்டியதும் அதுதான்.

"தெரியலம்மா" என்றேன். "காலைல ஒரு எக்கோ எடுக்கணும்னாரு. நானும் வந்து கூட உட்கார்ந்திருக்கேன்."

தங்கை என்னை ஒரு பார்வை பார்த்தாள். இரண்டு வருடம் தினமும் நான் அந்த அக்காவைப் பார்த்த அதே பார்வை.